டிரம்ஸே இல்லாத ஆல்பம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள். "அவரைப் பத்தி எழுத என்னடா இருக்கு? காலைல தட்டுவாரு, சாயங்காலம் பாட்டு கேப்பாரு, ராத்திரி குறட்டை விடுவாரு. முடிஞ்சுது கதை" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மச்சான் கார்களுக்கு டிங்கரிங் வேலை பார்க்கிறவர். நசுங்கிய கதவு, உள்வாங்கிய பானெட், எதன்மேலோ மோதிச் சுருங்கிய மட்கார்டு என்று எது வந்தாலும், பின்னால் இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்து முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். இடது கன்னம் தகட்டில் படுகிற அளவுக்குச் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் எங்கே நெளிகிறது என்று பார்த்தபடியே தட்டுவார். அப்படிப் பார்த்தால்தான் மேடு பள்ளம் தெரியுமாம். அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே எனக்கு மண்டை கிறுகிறுத்துவிடும். அவர் நாளெல்லாம் அதிலேயே கிடப்பார்.

பள்ளம் மறையப் பட்டி பூசி உப்புத்தாளால் தேய்க்கிற வேலை வந்தால் மட்டும் ஷெட் அமைதியாகும். அப்போது ஒரு பெரிய ஹெட்போன் தலையில் ஏறிவிடும். சினிமாப் பாட்டு, வேறு மொழிப் பாட்டு, வாயே திறக்காத வெறும் வாத்தியம் என்று பாகுபாடு கிடையாது. புதிதாக எந்த ஆல்பம் வந்தாலும் முதல் நாளே கேட்டாக வேண்டும். கேட்டு முடித்ததும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். காரை விட வந்தவர், காரை எடுக்க வந்தவர், வழி கேட்க வந்தவர் என்று யார் மாட்டினாலும் சரி. மாட்டினவர் கதை கந்தல்தான்.

அப்படி மாட்டியவர்தான் பல் டாக்டர். பின்கதவு நசுங்கிய காரோடு வந்தவர், ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டு, "இவங்க போன ஆல்பம் அளவுக்கு இது இல்லையே" என்று வாயை விட்டுவிட்டார். மச்சான் சுத்தியலைக் கீழே வைத்தார். அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. கதவு எப்போதோ நேராகிவிட்டது, டாக்டர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார். அதே மாதிரி பக்கக் கண்ணாடி உடைந்து வந்து ஒட்டிக்கொண்டவர் லைப்ரரி மேடம். கல்லூரி நூலகத்தில் வேலை. குரல் ஏறாது, ஆனால் அவர் ஒன்று சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. நான்காவது ஆள் நான். டைல்ஸ் ஷோரூமில் சேல்ஸ்மேன். எனக்குப் பாட்டு கேட்கத் தெரியும், வாதாடத் தெரியாது. இருந்தாலும் மச்சானுக்கு ஒரு பக்கபலம் வேண்டுமே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வருடக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கு ஒரு பஞ்சாயத்து உண்டு. அந்த வருடம் வந்த ஆல்பங்களில் எது சிறந்தது என்று அன்று முடிவாகும். ஒரு மாதம் முன்னாலேயே ஆளுக்கு ஒரு ஆல்பத்தைச் சொல்லிவிட வேண்டும். மற்ற மூவரும் அதை முழுக்கக் கேட்டுவிட்டு வர வேண்டும். பஞ்சாயத்து நடக்கிற இடம் கார். ஷெட்டில் அன்று வேலை முடிந்து நிற்கிற காரில், சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாங்கள் நான்கு பேரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வோம். காரைவிட நல்ல பாட்டு அறை உலகத்திலேயே கிடையாது என்பது மச்சான் கட்சி. கதவைச் சாத்தினால் எங்கள் கூச்சல் வெளியே போகாது என்பது அக்கா கட்சி.

யார் முறையோ அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தன் ஆல்பத்துக்காக வாதாடுவார். பிறகு அதிலிருந்து ஒரு பாட்டைப் போடுவார். கடைசியில் கை தூக்குவோம். தன் ஆல்பத்துக்குத் தானே கை தூக்கக் கூடாது. ஜெயித்தவர் அந்தக் காரை வெளியே எடுத்து, ஜன்னல்களை இறக்கி, ஜெயித்த ஆல்பத்தை முழுச் சத்தத்தில் வைத்து ஊரைச் சுற்றி வரலாம். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மச்சான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவர் தட்டி நேராக்கிய கார்களை டாக்டர் ஓட்டியிருக்கிறார், மேடம் ஓட்டியிருக்கிறார், போகட்டும் என்று ஒரு வருடம் நான்கூட ஓட்டியிருக்கிறேன். மச்சான் மட்டும் எப்போதும் பின் சீட்டு. காரணம் அவர் வாதம்தான். "கேட்டா புல்லரிக்குதுங்க, இங்க பாருங்க" என்று முன்னங்கையை நீட்டுவார். "அண்ணே, புல்லரிப்பெல்லாம் ஆதாரமில்ல" என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிடுவார். மச்சான் வெளியே சிரிப்பார். அன்று சாயங்காலம் சோறு இறங்காது என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்கள் பஞ்சாயத்துக்கு ஈவு இரக்கம் கிடையாது. கேட்காத ஆல்பத்தைக் கேட்ட மாதிரி பேசினால் அன்றோடு இடம் காலி. முன்பு எங்களோடு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். யாரோ எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு வந்து அப்படியே ஒப்பித்தார். மேடம் இரண்டே கேள்வி கேட்டார். மனிதர் இறங்கிப் போனவர் போனவர்தான்.

இந்த வருடத்துக்கு வருகிறேன். தொடக்கத்திலிருந்தே மச்சான் ஒரு மாதிரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் எல்லாரும் அடக்கி வாசிக்கிறாங்க மாப்ளே. அலட்டல் இல்ல, ஆர்ப்பாட்டம் இல்ல. பாட்டு இப்பதான் பெரிய மனுஷன் ஆயிருக்கு" என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் எப்போதும் போல ஆர்ப்பாட்டமாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வயது ஏறுகிறது, ரசனை மாறுகிறது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் 'கதவு திறந்திருக்கு' வந்தது. ஒரு பெண், தானே எழுதி, தானே கித்தார் வாசித்துப் பாடிய முதல் ஆல்பம். மச்சான் அதில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பட்டி தேய்க்கும்போது அதுதான். சாப்பிட்டுவிட்டுச் சாயும்போதும் ஹெட்போனில் அதுதான். ஸ்பீக்கரில் போடச் சொன்னால் மறுத்துவிடுவார். "இது காதோட காதா கேக்க வேண்டியது மாப்ளே. இந்த வருஷம் பாரு, வண்டி என் கையிலதான்" என்று சாவி திருகுவது போலக் கையைத் திருகிக் காட்டுவார்.

நானும் கேட்டேன். நல்ல ஆல்பம்தான். ஆனால் இந்த அளவுக்கு ஆட்டம் போட அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் நின்றது சாம்பல் நிறக் கார். இடதுபக்கக் கதவுகள் இரண்டையும் மச்சான் புதிதுபோல ஆக்கியிருந்தார். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை சரசரத்தது. பெயின்ட் தின்னர் வாடை போகாமல் அப்படியே இருந்தது. டாக்டர் முதலில் ஏறி, தன் ராக் குழுவுக்காக ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திப் பேசினார். மேடம் புல்லாங்குழலும் செல்லோவும் மட்டும் பேசிக்கொள்கிற ஒரு ஆல்பத்தைப் பற்றிச் சொன்னார். சத்தமே இல்லாமல் சொன்னதில் நாங்கள் மூவரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. நான் என்னுடையதைச் சொல்ல ஆரம்பித்ததும் டாக்டர் கொட்டாவி விட்டார். அந்த மனிதரை எனக்கு அப்படியே தூக்கி வெளியே போடத் தோன்றியது. சொல்லி முடித்துவிட்டு இறங்கிப் பின் சீட்டுக்குப் போனேன்.

மச்சான் முகம் துடைத்துக்கொண்டு ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை.

"நான் இன்னிக்குப் புல்லரிப்பெல்லாம் பேசப் போறதில்ல" என்று ஆரம்பித்தார். "ஒரே ஒரு விஷயம். நாள் பூரா நான்தான் டிரம்ஸ். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தட்டுறேன். அப்புறம் பாட்டு கேக்கலாம்னு உக்காந்தா அங்கயும் எவனாவது தட்டிக்கிட்டே இருப்பான். இந்தப் பொண்ணுக்கு எவ்ளோ தைரியம் பாருங்க. முதல் ஆல்பம். முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் டிரம்ஸே கிடையாது. ஒரு தட்டு கிடையாது. குரல், கித்தார், அவ்ளோதான். தாளத்தை நம்ம நெஞ்சுக்குள்ள போட்டுக்கச் சொல்லிட்டு அவ பாட்டுக்குப் பாடறா. இந்த வருஷம் வேற யாரு இதைச் செஞ்சாங்க, சொல்லுங்க!"

அடேங்கப்பா, மனிதர் பேசினார் பாருங்கள்! எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. ஆனால் கை எழவில்லை. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டாக்டர்தான் முதலில் பேசினார். "அண்ணே, டிரம்ஸ் இல்லையா?"

"இல்ல."

"எல்லாப் பாட்டுலயும் டிரம்ஸ் இருக்குண்ணே."

"எந்தப் பாட்டுல?"

"எல்லாத்துலயும். ரெண்டாவது பாட்டு ஆரம்பமே டிரம்ஸ்தான்."

மச்சான் சிரித்தார். டாக்டர் வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்துவிட்டார். பிறகு மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? "இருக்கு மச்சான்" என்றேன்.

"போட்டுப் பாத்துடலாம்" என்று டாக்டர் இரண்டாவது பாட்டைக் காரில் ஓடவிட்டார். தடதடவென்று டிரம்ஸ் வந்து காரை நிறைத்தது. மச்சான் ஸ்பீக்கரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார். "யாருங்க இதுல டிரம்ஸ் சேர்த்தது? இது வேற ஆல்பம்!" என்று கத்தினார்.

"அண்ணே, தயவு செஞ்சு நிறுத்துங்க" என்றார் டாக்டர். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உங்ககிட்ட இதை எதிர்பாக்கல. நீங்க இதைக் கேக்கவே இல்ல. எங்கயோ எதையோ படிச்சிட்டு வந்து பேசறீங்க. ஏஜெண்டுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

கேட்காமல் பேசுகிறார் என்று சொல்வதற்குப் பதில் டாக்டர் அவரை ஒரு அறை விட்டிருக்கலாம். மச்சான் முகம் அப்படிச் சிவந்தது. வந்த நாளிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்த மனிதர். இறங்கி ஓடினார். சுவரில் மாட்டியிருந்த ஹெட்போனை எடுத்துவந்து, போனில் சொருகி, பாட்டைப் போட்டு, காதில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதோ! இல்ல! வந்து கேளுங்க!"

டாக்டர் வாங்கி மாட்டிக்கொண்டார். "இருக்கு." மேடம் மாட்டினார். "இருக்குங்க." நான் மாட்டினேன். இடது பக்கம் முழுக்க டிரம்ஸ், வலது பக்கம் குரலும் கித்தாரும். மச்சான் பிடுங்கித் தன் தலையில் மாட்டினார். "இல்ல!" அந்த ஹெட்போன் எங்கள் தலைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்களுக்கு இருந்தது, அவருக்கு இல்லை. கூச்சல் ஷெட்டைத் தாண்டிப் போய்விட்டது.

ஷெட்டை ஒட்டித்தான் வீடு. அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் மத்தியானம் படுப்பாள். டீ பிளாஸ்க்கோடு வந்து நின்றவள் முகத்தில் அந்தத் தூக்கம் கெட்ட எரிச்சல் அப்படியே இருந்தது. "என்ன, கொலையா விழுந்துச்சு? தெருவுல போறவன் எட்டிப் பாக்கறான்" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். "சீ, இதுக்கா! கொண்டாங்க இப்படி" என்று ஹெட்போனைப் பிடுங்கி, எது இடது, எது வலது என்றெல்லாம் பார்க்காமல் கைக்கு வந்தபடி புருஷன் தலையில் கவிழ்த்தாள். "ஒழுங்கா கேட்டுட்டு, இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போய்ப் படுக்கணும்."

மச்சான் கேட்டார். வாய் பிளந்தது. "குரலைக் காணோம்!" என்றார். "குரல் இல்ல, கித்தார் இல்ல. வெறும் டிரம்ஸ்தான் ஓடுது!"

எங்களில் முதலில் புரிந்தது மேடத்துக்கு. மெதுவாகப் போய் ஹெட்போனைக் கழற்றினார். மச்சானின் இடது காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் விரலால் சொடக்குப் போட்டார். மச்சான் திரும்பவில்லை. இன்னொரு தடவை. திரும்பவில்லை. வலது காதுக்குப் பக்கத்தில் போட்டதும் சட்டென்று திரும்பினார்.

"எந்தப் பக்கம் போன் வச்சுப் பேசுவீங்க?" என்று மேடம் கேட்டார்.

"வலது பக்கம். ஏன்?"

மச்சானே தன் இடது காதை உள்ளங்கையால் மூடித் திறந்து பார்த்தார். மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தகட்டில் கன்னத்தைச் சாய்த்துத் தட்டியபோதெல்லாம் அந்தச் சத்தத்தை வாங்கிய காது அது. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, போவது தெரியாமலே போயிருக்கிறது. எந்தப் பாட்டும் இரண்டு பக்கத்திலும் கலந்துதான் வரும் என்பதால் மனிதருக்குச் சந்தேகமே வரவில்லை. இந்தப் பெண்தான் டிரம்ஸ் முழுவதையும் இடது பக்கம் தள்ளிவிட்டு வலது பக்கம் நின்று பாடியிருக்கிறாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். பிளாஸ்க்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "இந்த மனுஷன் எனக்குப் பதில் சொல்றதில்லைன்னு நான் நெனைச்சிட்டு இருந்தேன்டா" என்றாள் என்னிடம், மெல்ல. "வண்டில போகும்போதும் படுக்கும்போதும்தான் எங்களுக்குப் பேசவே நேரம். வண்டில நான் அவருக்கு இடது பக்கம். படுத்தா வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பாரு, நல்ல காது தலகாணிக்குள்ள. பேசிப் பேசிப் பாத்துட்டு, வேணும்னேதான் கேக்காத மாதிரி இருக்காருன்னு நானும் விட்டுட்டேன்."

டாக்டர் மச்சான் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அண்ணே, வாய் தவறிடுச்சு. மன்னிச்சிடுங்க. என் கூடப் படிச்சவன் காது டாக்டரா இருக்கான். நாளைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன்." மறுநாள் போனார்கள். இடது காது திரும்பாது, இருக்கிற காதையாவது காப்பாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது மச்சான் காதுக்கு ஒழுங்கான மூடி போட்டுக்கொண்டுதான் சுத்தியலைத் தொடுகிறார். அதை அக்கா ஷெட் வாசலில் நின்று சரிபார்க்கிறாள்.

ஆனால் அன்றைக்கு மச்சான் எழுந்தார். "காதை நாளைக்குப் பாத்துக்கலாம். பஞ்சாயத்து இன்னிக்கு" என்றார். "டாக்டர் சொன்னது சரிதான். நான் அந்த ஆல்பத்தைக் கேக்கல. பாதியைத்தான் கேட்டிருக்கேன். பாதி கேட்டவன் முழுசுக்கும் பேசினது தப்பு. என் இடத்தை எடுத்துடுங்க. இனிமே நான் வரல."

சொல்லிவிட்டு டிரைவர் சீட்டுக் கதவை அவரே சாத்தினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "என்ன மச்சான் பேசறீங்க! நீங்க இல்லாம இந்தப் பஞ்சாயத்து எதுக்கு?" என்று கத்தினேன். டாக்டரும் கத்தினார். அப்போது மேடம் கையைத் தூக்கினார். நூலகத்தில் பிள்ளைகளை அடக்குகிற அதே கை. எல்லோரும் வாயை மூடினோம்.

"கேக்காம பேசறவருக்குத்தான் இங்க இடமில்ல" என்றார் மேடம். "இவர் கேட்டிருக்கார். எதைக் கேட்டாரோ அதைத்தான் பேசினார். ஒரு வார்த்தை கூடுதலா சொல்லல. இவர் சொன்ன ஆல்பத்தைக் கேக்காதவங்க நாமதான். அதைக் கேக்காம இவரைப் பத்திப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கு?"

டாக்டர் துள்ளி எழுந்தார். "ஆமா! ஆமாங்க! ஏறுங்க எல்லாரும்!"

திபுதிபுவென்று ஏறினோம். அக்காவைக்கூட யாரோ உள்ளே இழுத்துவிட்டார்கள். டாக்டர் கார் திரையில் எதையெதையோ அமுக்கி, சத்தம் முழுவதையும் வலது பக்கத்துக்குத் தள்ளினார். முதல் பாட்டிலிருந்து போட்டார்.

டிரம்ஸ் இல்லை. சுத்தமாக இல்லை. அந்தப் பெண் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. வரிக்கு வரி அவள் மூச்சு எடுப்பது கேட்டது. கித்தார் கம்பியில் விரல் நகர்கிற உரசல் கேட்டது. இரண்டாவது பாட்டில், டிரம்ஸ் தடதடத்த அந்த இடத்தில், ஒன்றுமே இல்லை. அவள் சும்மா காத்திருந்தாள். காத்திருந்துவிட்டு ஒற்றைச் சொல்லை எடுத்து வைத்தாள். என் முதுகு சிலிர்த்துப்போனது. ஒரு மாதமாக இதைக் கேட்டும் அவள் அங்கே காத்திருப்பது எனக்குத் தெரியவே இல்லையே! மச்சான் தன் தொடையில் ஒரு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்தது. டாக்டர் மெதுவாகத் தன் சட்டைக் கையைச் சுருட்டி முன்னங்கையை நீட்டினார். முடியெல்லாம் எழுந்து நின்றது. "இது ஆதாரமான்னு எனக்குத் தெரியல அண்ணே" என்றார்.

மேடம் கை தூக்கினார். டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். நான் எழுந்ததில் தலை காரின் கூரையில் இடித்தது. அந்தப் பெண் இப்படி ஒரு ஆல்பத்தைப் போடவே இல்லையே, இதற்கு எப்படிப் பரிசு கொடுப்பது என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன், சண்டைக்குத்தான் போவேன். இந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் அதுதான். அதை முதலில் கேட்டவர் என் மச்சான்.

மச்சான் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். "எல்லாரும் பின்னால! வாயை மூடிக்கிட்டு!" என்று அதட்டினார். நாங்கள் மூவரும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டோம். அக்கா முன்னால், அவருக்குப் பக்கத்தில். ஜன்னல்கள் இறங்கின. பாட்டு ஏறியது. ஷெட்டை விட்டுப் புறப்பட்டு, தெருமுனை திரும்பி, பெரிய ரோட்டில் ஏறினோம். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையாட்டினேன்.

அக்கா அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். மச்சான் ரோட்டைப் பார்த்து, பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே போனார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். பின் சீட்டில் எனக்குக் கேட்டது. "எனக்கு ரொம்பப் பெருமையா இருக்குங்க" என்றாள். என் அக்கா வாயிலிருந்து அந்த மாதிரி வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. மச்சானுக்குச் சொல்லலாம் என்று நான் எழுந்தேன். மேடம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அக்கா அவர் தோளைத் தட்டினாள். "வண்டியை ஓரம் கட்டுங்க."

கட்டினார். "என்ன ஆச்சு?"

"இறங்குங்க. நான் ஓட்டறேன்."

"ஏய், ஜெயிச்சவன்தான் ஓட்டணும்! எத்தனை வருஷமா இதுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

"தெரியும். இறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அப்பத்தான் நான் உங்களுக்கு வலது பக்கம் இருப்பேன்."

மச்சான் கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடது பக்கம் ஏறினார். அக்கா சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, வேன் எடுப்பது போலவே நிதானமாக எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும், முன்பு சொன்னதைத் திரும்பச் சொன்னாள். இந்தத் தடவை மச்சானுக்குக் கேட்டது. அவர் கையை நீட்டிப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

"இந்த வருஷம் பூரா எங்கிட்ட என்ன சொல்லிட்டு இருந்தே?" என்று கேட்டார்.

"பாதி திட்டு."

"மீதி?"

"மீதியும் திட்டுதான்."

"பரவால்ல. எல்லாத்தையும் சொல்லு."

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜனவரில ஸ்கூல்ல பெரிய பஸ் ஓட்டக் கூப்பிட்டாங்க. அன்னிக்குப் படுக்கும்போது, போகட்டுமான்னு உங்களைக் கேட்டேன். நீங்க வாயே திறக்கல. உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு, வேணாம்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி!" மச்சான் சீட்டிலேயே எகிறினார். "பெரிய பஸ்ஸா? நீயா? போன்னுதானே சொல்லியிருப்பேன்! இன்னும் ஆள் போடலையா? நாளைக்கே போய்க் கேளு! நானும் கூட வரேன்! போறியா, மாட்டியா?"

"போறேன், போறேன். கத்தாதீங்க, எனக்கு ரெண்டு காதும் கேக்குது" என்று அக்கா சிரித்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள். "இது ஜனவரி. பிப்ரவரிக்கு வரட்டா?"